அரை மணி நேரம் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் இங்கிலாந்துப் பயணக் கட்டுரை, பிராட்ஃபோர்டு தொழில் அருங்காட்சியகத்தை "துருப்பிடித்த இயந்திரங்கள், அரை மணி நேரம் போதும்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

எக்கில்ஸ்ஹில் பகுதியில் 1875 வாக்கில் கட்டிய மூர்சைட் கம்பளி நூற்பு மில்லில்தான் 1974 முதல் அது இயங்குகிறது. தறிகளை ஓட்டியே காட்டுவார்கள். ஒரு தறி ஓடினாலே பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. வரிசை வரிசையாகத் தறி ஓடிய கூடங்களில் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள்.

இந்த ஊரில் நெஞ்சுநோய் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். பாகிஸ்தான் கட்டிய மங்களா அணைக்கு ஊரைப் பறிகொடுத்து மீர்ப்பூரிலிருந்து வந்த பெரியவர்கள், கம்பளி சீவும் கூடங்களில் நைட் ஷிஃப்ட் பார்த்தே முடி நரைத்தவர்கள், மூச்சு வாங்க வாங்க என்னிடம் கதை சொன்னார்கள். பிள்ளைகள் வளர்ந்ததைப் பார்க்கவில்லை என்று ஒருவர் அழுதார். அதற்கும் முந்தைய தலைமுறையில், மொஹேர் என்னும் ஆட்டு ரோம மூட்டையைப் பிரித்தவர்களை ஆந்த்ராக்ஸ் நோய் கொண்டுபோனது. டாக்டர் யூரிக் 1905 முதல் ஆண்டுக்கணக்கில் அந்தக் கிருமியோடு மல்லுக்கட்டிய பிறகுதான் 1919-ல் தடுப்புச் சட்டம் வந்தது. இதற்கெல்லாம் அரை மணி நேரமா?

இது முதல் தடவையும் அல்ல. முன்பு சால்டேர் என்னும் மில் கிராமம் பற்றி எழுதியபோது முதலாளி டைட்டஸ் சால்ட்டின் தாராள மனம் பக்கம் பக்கமாக வந்தது. இந்த ஊர் மானிங்ஹாம் மில்லில் கூலிக்குறைப்பை எதிர்த்து 1890-91 குளிர்காலத்தில் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் நடத்திய வேலைநிறுத்தத்துக்கு ஒரு வரி இல்லை. அந்தச் சூட்டில்தான் 1893-ல் சுயேச்சைத் தொழிலாளர் கட்சி இங்கே உருவானது. அப்போதும் எழுதினேன், பதில் வரவில்லை. இந்த ஊர் மில்களில் குழந்தைகள் பட்ட பாட்டை குழந்தைத் தொழிலை எதிர்த்த ரிச்சர்ட் ஓஸ்ட்லர் 1830-ல் 'லீட்ஸ் மெர்குரி' பத்திரிகைக்குக் கடிதமாகத்தான் எழுதினார், அதை அச்சிட்டார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல.

அருங்காட்சியகம் என்று நீங்கள் போட்டிருக்கும் படம், நகர மையத்திலுள்ள பழைய கம்பளிச் சந்தைக் கட்டடம். இன்று அது புத்தகக்கடை. அடுத்த இதழில் படக்குறிப்பையாவது திருத்துங்கள். அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பிராட்ஃபோர்டு