'இதோ, இப்படி' என்றால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவியம் கற்றுக்கொள்ள இனி ஆசிரியர் எதற்கு, நல்ல காணொளி இருந்தால் போதும், புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாமே என்று வாசகர் ஒருவர் உங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அப்படி நம்பி இரண்டு ஆண்டுகள் காணொளிப் பாடம் தயாரித்தவள்தான். அந்த அனுபவத்தையும், அது என்னைக் குரல் மட்டும் உள்ள ஒலிப்பாடத்துக்குக் கொண்டுபோனதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதல் நான்கு பாடங்களை இன்று பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. செல்போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, மேசைக்கு மேலே கவிழ்த்து வைத்தேன். ஸ்டாண்டைப் பொருத்தியதும் அதே மேசையில். அதனால் நான் ரப்பரால் அழிக்கும்போதெல்லாம் நிலநடுக்கம் வந்ததுபோல் படம் முழுக்க ஆடியது. விளக்கு வலப்பக்கம் இருந்தது, நான் வலக்கைக்காரி. எந்தக் கோட்டைக் காட்ட வேண்டுமோ, சரியாக அதன்மேல் என் கை நிழல் படுத்துக்கிடந்தது. அப்புறம் நிறம். தாள் முழுக்க மஞ்சள் பூசினேன். வெளிச்சமே மஞ்சளாக இருக்கிறது போல என்று கேமரா நினைத்துக்கொண்டு, அதைச் சரிசெய்வதாக எல்லாவற்றையும் நீலத்தின் பக்கம் இழுத்தது. பாடம் தொடங்கும்போது வெள்ளையாக இருந்த தாளின் ஓரம், முடியும்போது சாம்பல் நிறம். வெளிச்சத்தையும் நிறத்தையும் கேமரா தன் இஷ்டத்துக்கு மாற்றாதபடி முதலிலேயே பூட்டிவைக்க வேண்டும் என்பது ஐந்தாவது பாடத்தில்தான் தெரிந்தது.

இவையெல்லாம் கருவியின் கோளாறு, பழகினால் சரியாகிவிடும். பழகியும் சரியாகாத ஒன்று உண்டு. நீர்வண்ணத்தில் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க, முதல் பூச்சு காய்ந்த பிறகுதான் இரண்டாவது பூச்சைத் தொட வேண்டும். காயும் நேரத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று எடிட் செய்யும்போது வெட்டிவிட்டேன். இருபது நிமிடக் காத்திருப்பு காணொளியில் கண் சிமிட்டும் நேரமாகிவிட்டது. மறுநாள் வகுப்பில் பாதிப் பேரின் மரமும் வானமும் ஒன்றாகக் கலந்து சேறாகக் கிடந்தன. "நீங்கள் உடனே பூசினீர்களே, டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கேட்டது நியாயம். நான் தாளைச் சாய்த்துப் பார்த்ததும், புறங்கையால் தொட்டு ஈரம் பார்த்ததும், காய்ந்தபின் நிறம் வெளிறும் என்று அறிந்து முதலிலேயே கொஞ்சம் அடர்த்தியாகக் கலந்ததும் அந்த இருபது நிமிடத்துக்குள்தான் இருந்தன. பாடம் என்று நான் வைத்திருந்தது மீதியை.

புரொஜெக்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தான். புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. ஒளியைப் பாய்ச்சுகிற கருவி இருட்டை எப்படிப் பாய்ச்சும்? திரை எவ்வளவு வெளுப்போ அதுதான் அதன் கறுப்பு. இத்தாலிய ஓவியர் காரவாஜியோவின் படத்தில் பாதி, நிழல்தான். அது என் வகுப்பில் சாம்பல் பூத்துத் தெரிந்தது. நிழலைக் காப்பாற்ற ஜன்னலை எல்லாம் மூடினால், வரைகிற பிள்ளைகளுக்குத் தங்கள் தாள் தெரியவில்லை. திரையா, தாளா என்று ஒவ்வொரு வகுப்பிலும் பஞ்சாயத்து.

திரையில் எல்லாப் படமும் ஒரே அளவு என்பது இன்னொரு தொல்லை. பிக்காசோ 1937இல் வரைந்த 'குவெர்னிக்கா' ஏறத்தாழ 3.5 மீட்டர் உயரம், 7.8 மீட்டர் நீளம். டாலி 1931இல் வரைந்த உருகும் கடிகாரங்களின் படம் வெறும் 24க்கு 33 சென்டிமீட்டர், ஒரு ஏ4 தாளைவிடச் சற்றே பெரிது. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டிவிட்டு எது பெரிய படம் என்று கேட்டேன். கடிகாரம்தான் என்றார்கள். அன்றைக்குப் புரொஜெக்டரை அணைத்துவிட்டு, வராந்தாவில் சாக்பீஸால் 7.8 மீட்டருக்கு ஒரு கோடு போட்டேன். பிள்ளைகள் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தார்கள். அந்த வகுப்பை யாரும் மறக்கவில்லை.

சரி, பாட்காஸ்டுக்கு, அதாவது குரல் மட்டும் உள்ள பாடத்துக்கு வருகிறேன். நான் திட்டமிட்டு அதைத் தொடங்கவில்லை. ஒருநாள் நாற்பது நிமிடம் வரைந்து முடித்தபின் பார்த்தால், போனில் இடம் நிறைந்து படம் ஆரம்பத்திலேயே நின்றுபோயிருந்தது. தனி மைக்கில் எடுத்த குரல் மட்டும் முழுதாக இருந்தது. போகட்டும், குரலாவது தேறுமா என்று போட்டுக் கேட்டேன். "இதை எடுத்து, இதோடு கொஞ்சம் சேர்த்து, இதோ, இப்படி ஒரு இழுப்பு... பார்த்தீர்களா, அவ்வளவுதான்." நாற்பது நிமிடமும் இதுதான். எதை எடுத்தேன், எதோடு சேர்த்தேன் என்று எனக்கே புரியவில்லை.

அதற்குப் பிறகு 'இது, அது, இங்கே, இப்படி' என்ற சொற்களை எனக்கு நானே தடைசெய்துகொண்டு ஒலிப்பாடம் பதிவு செய்ய ஆரம்பித்தேன். ஆறு நிமிடம், அவ்வளவுதான். "தூரிகையை முடியிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். மணிக்கட்டை அசைக்காதீர்கள், தோளிலிருந்து கையை நகர்த்துங்கள்" என்று சொல்லவேண்டி வந்தபோதுதான், கோடு போடும்போது என் மணிக்கட்டு அசைவதில்லை என்பதே எனக்குத் தெரிந்தது. நிறங்களையும் பெயர் சொல்லி, டப்பாவில் எத்தனையாவது என்று எண் சொல்லிக் குறிப்பிட்டேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஒரு பையன் என் வகுப்பில் இருக்கிறான் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அதுவரை 'இந்த நிறம்' என்று நான் சொன்னதை எல்லாம் பக்கத்தில் இருப்பவனின் தாளைப் பார்த்து ஒப்பேற்றியிருக்கிறான்.

பிறகு விளையாட்டாக ஒன்று செய்தேன். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் அலைப் படத்தைக் காட்டாமல், குரலிலேயே விவரித்து வரையச் சொன்னேன். ஃபூஜி மலை, பெரிய அலை, மூன்று படகுகள். வந்த படங்களில் பெரும்பாலானவற்றில் மலைதான் தாளை அடைத்துக்கொண்டு நின்றது. மலை என்றால் பெரிது என்று கை தானாகப் போய்விட்டது. பிறகு அசல் படத்தைக் காட்டினேன். அலையின் பள்ளத்துக்குள் எங்கோ தூரத்தில், இன்னொரு சிறு அலையோ என்று ஏமாறும் அளவுக்குச் சின்னதாக மலை. வகுப்பில் ஒரு "அட!" எழுந்தது. அதே படத்தை முந்தைய ஆண்டு திரையில் பத்து நிமிடம் காட்டிப் பேசியபோது இந்த 'அட' வரவில்லை. இம்முறை தாங்கள் போட்ட மலை கையில் இருந்ததால், அவர் ஏன் சின்னதாகப் போட்டார் என்று கேட்கத் தோன்றியது. நான் தூரம், அளவு, காட்சிக்கோணம் என்று வாய் திறப்பதற்குள் அவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒலிப்பாடம் எடுக்க ஸ்டூடியோ வேண்டியதில்லை. தாள்கட்டும் பழைய திரைத்துணியும் அடுக்கிவைத்த சாமான் அறையே எதிரொலி இல்லாமல் நன்றாக இருக்கிறது. மின்விசிறியை நிறுத்த வேண்டும், மைக்கை மேசைமேல் நேராக வைக்கக் கூடாது, அவ்வளவுதான் பக்குவம். குரல் மட்டும் என்பதால் ஆறு நிமிடப் பாடம் மூன்று எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. அதே நீளக் காணொளி என்றால் நூற்றுக்கணக்கில் போகும், பழைய போன் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இறங்கவே இறங்காது. இடையிடையே பேசாமல் வரையும்போது பென்சிலின் சத்தத்தையும் விட்டுவைக்கிறேன். மென்மையான 6பி பென்சில் மெத்தென்று தேய்கிறது, அதைவிடக் கடினமான எச்பி கீச்சிடுகிறது. எங்கே அழுத்துகிறேன், எங்கே விடுகிறேன் என்று சிலர் அதை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள்.

காணொளியை நான் விட்டுவிடவில்லை. தூரிகையைக் கழுவுவது, பென்சில் சீவுவது, தாளை நனைத்துப் பலகையில் ஒட்டுவது போன்றவற்றுக்கு அதைவிட நல்லது இல்லை. இப்போது காயும் நேரத்தையும் வெட்டுவதில்லை. அந்த இருபது நிமிடம் அப்படியே ஓடும், பிள்ளைகளும் தங்கள் தாளோடு காத்திருப்பார்கள். வகுப்பறைக்குக் கருவி வாங்கித் தருகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. திரை வாங்கும் முன், அந்த அறையில் வரைய வெளிச்சம் இருக்குமா என்று ஓவிய ஆசிரியரை ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்கிய பிறகு, பாடம் தயாரிக்க வாரத்தில் ஒரு பாடவேளையாவது கொடுங்கள். என் ஆறு நிமிடப் பாடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, அது இரவில்தான் கிடைக்கிறது.

கடிதம் எழுதிய வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவரிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். கைப்பிடி உள்ள ஒரு கோப்பையை எடுத்து, 'கோப்பை' என்று சொல்லாமல், 'இது, இப்படி' என்றும் சொல்லாமல், அவர் வரையும்படி ஒரு நிமிடம் விவரியுங்கள். வந்த படத்தை இந்தப் பத்திரிகைக்கே அனுப்பிவையுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியை