உனக்கு ஒரு ஊசி பாக்கி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. அக்கா குழந்தைக்குப் புதன்கிழமை 14ஆவது வார ஊசி போட்டாயிற்று. தொடை லேசாக வீங்கி, இரவெல்லாம் சிணுங்கினாள். காலையில் சிரிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை "தலை வலிக்குதும்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்தாய். அதற்குப் பிறகு கட்டைவிரல் படம் மட்டும்தான் வருகிறது. படிப்பு நெருக்கும், சரி. வெறும் ஜலதோஷமாகவும் இருக்கும். நான் எழுத வந்தது வேறு. அங்கே இங்கிலாந்தில் ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பெயர் பதிந்துவிட்டாயா? விசாவோடு சேர்த்து வருஷத்துக்கு 776 பவுண்டு கணக்கில் மருத்துவத்துக்கென்றே கட்டியிருக்கிறோம். பதிவதற்குத் தனியாகப் பணம் கிடையாது.

பதிந்த கையோடு மெனிஞ்சைட்டிஸ் ஊசியைக் கேள், மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி. மென் ஏசிடபிள்யூஒய் என்று சொன்னால் போதும். ஹஜ் போகிறவர்களுக்கு முகாமில் போடுவோமே, அந்தக் கிருமியின் ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைக்கான அதே ஊசிதான். 2009க்குப் பிறகு அந்த நாட்டில் டபிள்யூ வகை ஏறிக்கொண்டே போனதால் 2015இல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புதிதாகக் கல்லூரி சேருகிறவர்களுக்கும் ஆரம்பித்தார்கள். உன்னோடு சமையலறையைப் பங்கிடும் அந்த ஊர்ப் பையன்கள் 14 வயதிலேயே பள்ளியில் போட்டிருப்பார்கள். நம் ஊர் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை, அதனால் உனக்குப் போடவில்லை. 25ஆவது பிறந்தநாளுக்குள் கேட்டால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் இலவசம். உனக்கு 22. காலம் இருக்கிறது என்று தள்ளிப்போடாதே.

நீ தனியாக விமானம் ஏறிப் போனதை இந்தத் தெருவே பேசுகிறது. பஸ் ஸ்டாண்டில் பழைய தலைமையாசிரியர் என்னை நிறுத்தி விசாரித்தார். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு ஃபாரம் நிரப்ப நேரமில்லையா?

அந்த மூளைக்காய்ச்சல் கிருமி தொண்டையிலும் மூக்கிலும் சும்மா தங்கியிருக்கும். பத்தில் ஒருவரிடம் இருக்கும், உங்கள் வயதில் நான்கில் ஒருவரிடம்கூட இருக்கும் என்கிறார்கள். வைத்திருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இருமல், முத்தம், நெருக்கமான அறைகள் வழியாகப் பரவும். எப்போதாவது ஒருவனுக்கு ரத்தத்தில் இறங்கினால் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலில் ஆறு பேரில் ஒருவர் இறக்கிறார். ஐந்தில் ஒருவருக்குக் காது, கை கால், ஞாபகம் என்று ஏதாவது ஒன்று போகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது.

மேலத்தெருப் பையனை நினைத்துக்கொள். மூன்றாம் வகுப்பு வரை உன் பக்கத்தில்தானே உட்கார்ந்தான். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது எந்தக் கிருமி என்று யாரும் சோதிக்கவில்லை. உயிர் பிழைத்தான், காது திரும்பவில்லை. மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும் இன்னொரு கிருமி ஹிப். நீங்கள் பிறந்த காலத்தில் அதற்கு அரசு ஊசி கிடையாது. 2011 டிசம்பரில்தான் ஹிப்பும் சேர்ந்த பென்டா ஊசி வந்தது, நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் போன வீடுகளில் "போன தடவை காய்ச்சல் வந்துச்சு, இனி வேண்டாம்" என்று மாமியார்கள் கதவை மறிப்பார்கள். திண்ணையிலேயே உட்கார்ந்து பாராசிட்டமால் எத்தனை சொட்டு என்று சொல்லிக்கொடுத்து, அடுத்த ஊசியையும் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். உன்னிடம் மட்டும் என் பேச்சு எடுபடுவதில்லை.

அங்கே கைக்குழந்தைகளுக்கு 8 வாரத்திலேயே உன் ஊசிக் கிருமியின் இன்னொரு வகையான பி வகைக்கு ஊசி. 2015 முதல் போடுகிறார்கள். காய்ச்சலுக்குக் காத்திருக்காமல் பாராசிட்டமாலையும் கூடவே கொடுக்கச் சொல்கிறார்களாம். நல்ல ஏற்பாடு. ஆனால் நீ போடப்போகும் ஊசியில் பி இல்லை, தம்பி. அதனால் போட்ட பிறகும் கவனம் வேண்டும். காய்ச்சலோடு கழுத்தை மடக்க முடியாமல் போவது, வெளிச்சம் பார்க்கக் கூசுவது, உடம்பு கொதித்தும் கை கால் சில்லென்று இருப்பது, குழப்பம், எழுப்பினாலும் தூங்கி விழுவது. இவை எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை. தடிப்பு இருந்தால் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்து, மறையாவிட்டால் ஆபத்து. நம் நிறத்துக்கு அது சட்டென்று தெரியாது. உள்ளங்கை, பாதம், கீழ் இமையின் உட்பக்கம் பார். தடிப்பு வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. சந்தேகம் வந்தால் உடனே 999க்குப் போன் செய்து ஆம்புலன்ஸைக் கூப்பிடு. ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் அறைக்கதவைத் திறந்து யாரையாவது எழுப்பு. கூச்சப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை வந்த தலைவலி இப்போது எப்படி இருக்கிறது? காய்ச்சலும் இருந்ததா? எனக்குப் பயமாக இருக்கிறது. முப்பது வருஷம் மற்றவர் பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள், உன் நெற்றி சுடுகிறதா என்று தெரியாமல் இருக்கிறேன். கட்டைவிரல் வேண்டாம். ஒரு வரி எழுது, இல்லை அப்பா போனுக்குப் பேசு.

அப்புறம், ஜிபி விலாசத்தை அக்காவுக்கும் அனுப்பு. ஊசி போட்டதும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. தேதி தெரிய வேண்டும்.

அம்மா