முதலில் அந்த எலுமிச்சையைக் கீழே வை

அன்புள்ள கமலி,

பதில் போட இவ்வளவு நாள் இழுத்ததற்குத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். மற்ற கதைகள் பிறகு, இப்போது உன் முகம்தான் விஷயம்.

எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை போட்டு, ஸ்க்ரப் என்று முகத்தில் தினமும் தேய்க்கிறாயாமே! முகம் கழுவுகிறாயா, அடிப்பிடித்த பாத்திரம் துலக்குகிறாயா? எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று சொன்னது சுமதியாகத்தான் இருக்கும். அவள் பேச்சைக் கேட்டு உன் தலைமுடி பட்ட பாடு போதாதா?

விளையாட்டில்லை, கேள். தோலின் பிஎச் அளவு ஏறக்குறைய 5; இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம். எலுமிச்சைச் சாறு 2 அல்லது கொஞ்சம் மேலே. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், சாற்றிலுள்ள ஃபியூரோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் வெயிலின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து கொப்புளமே கிளப்பும். கொப்புளம் ஆறினாலும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். பேக்கிங் சோடாவும் வேண்டாம்; அது அமிலத்துக்கு நேரெதிரான காரம், அந்தப் பக்கமாகப் படுத்தும். இப்போது கன்னம் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிகிறது என்கிறாய். அப்படியானால் எதையும் தேய்க்காதே. மாய்ச்சரைசர் மட்டும் போடு. இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போ.

சரியான பிறகு ஓட்ஸ் ஸ்க்ரப் போடு. மிக்ஸியில் அரைத்து, டீ வடிகட்டியில் சலி. ஒரு சிட்டிகையை விரலிடுக்கில் உருட்டிப் பார். நறநறத்தால் மறுபடி அரை. ஒரு ஸ்பூன் பொடி, ஒரு ஸ்பூன் புளிக்காத தயிர். இரண்டு நிமிடம் ஊறினால் ஓட்ஸ் மெத்தென்று ஆகும். முதல் தடவை முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவிக் கழுவிவிட்டு ஒரு நாள் பார். முகத்தை நனைத்த பிறகே தடவு. விரல் நகரும்போது தோல் கூடவே இழுபட்டால் அழுத்தம் அதிகம். அரை நிமிடம் போதும். கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் போகாதே. காயவிட்டு உரித்தெடுத்தால் தோல் கெடும், ஈரமாக இருக்கும்போதே வெதுவெதுப்பான நீரில் கழுவு. துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் மாய்ச்சரைசர். வாரம் ஒரு முறை, அதுவும் ராத்திரி. மறுநாள் சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே காலெடுத்து வைக்காதே. மிஞ்சிய கலவையைக் கொட்டிவிடு.

சர்க்கரை உனக்கு அவ்வளவு பிடித்தால் முழங்கைக்கும் குதிகாலுக்கும் வைத்துக்கொள்: இரண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு எண்ணெய். ஈரக் கையை டப்பாவில் விடாதே, தண்ணீர் சேர்ந்தால் கெட்டுவிடும். குளியலறைத் தரை எண்ணெயில் வழுக்கும், சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வா. ஷேவ் செய்த அன்றைக்குக் காலில் வேண்டாம். பருக்கள் கிளம்பியிருக்கும்போதோ, ரெட்டினால் (வைட்டமின் ஏ) கிரீம் போடும் நாட்களிலோ ஓட்ஸ்கூட வேண்டாம்.

வால்நட் ஓட்டுப் பொடி வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாயே, அதன் துணுக்குகள் ஒழுங்கற்றுக் கூராக இருக்கும். முகத்துக்கு ஆகாது. சுமதிக்கே கொடுத்துவிடு.

கன்னம் எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

அன்புடன்,
மீனா