முடி அலங்காரக் கருவிகளுக்கு ரசீது கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரிமுனையைச் சுற்றியுள்ள மொத்த விற்பனைத் தெருக்களிலும், பழைய வண்ணாரப்பேட்டை தொடங்கித் திருவொற்றியூர் வரையுள்ள ஃபேன்சி ஸ்டோர்கள் பலவற்றிலும் ஹேர் டிரையர், ஸ்ட்ரெயிட்னர், கர்லிங் ராடு போன்ற மின்கருவிகள் முறையான ரசீதோ, சட்டம் கேட்கும் விவரச் சீட்டோ இல்லாமல் விற்கப்படுவதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக அதிகாரிகளின் கவனத்துக்கும் வணிகர் சங்கங்களின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன். நான் தண்டையார்பேட்டையில் வீட்டின் முன்னறையில் அழகு நிலையம் நடத்தி வருகிறேன். மணப்பெண் அலங்காரம்தான் என் முக்கிய வருமானம்.

இக்கடைகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கொண்டை ஊசி, கொண்டை வலை, கொண்டைக்குள் வைக்கும் டோனட் வளையம், சவுரி, குஞ்சலம், ஜடை பில்லை, கிளட்ச் கிளிப் என எங்கள் தொழிலுக்கு வேண்டிய அத்தனையும் காசிச்செட்டித் தெருவிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் டஜன் விலைக்குக் கிடைப்பதால்தான், கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பயிற்சி முடித்த பெண்கள் சிறு முதலீட்டில் தொழில் தொடங்க முடிகிறது. "இது உங்க முடிக்கு நிக்காதும்மா, பெரிய கிளட்ச்சா எடுத்துக்குங்க" என்று, விலை குறைந்த பொருளையே எடுத்துக் கொடுத்த கடைக்காரர்களை நான் அறிவேன். ஊசியும் கிளிப்பும் பழுதானால் சில ரூபாய்தான் நட்டம். மின்சாரத்தில் சூடேறி, ஒரு பெண்ணின் காதோரத்திலும் நெற்றியோரத்திலும் நகரும் கருவியை அதே அலட்சியத்தோடு விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

சென்ற முகூர்த்த காலத்தில் பாரிமுனைப் பகுதிக் கடை ஒன்றில் ஸ்ட்ரெயிட்னர் வாங்கினேன். பெட்டியின் மேல் பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரைப் போலவே ஓர் எழுத்து மட்டும் மாற்றி அச்சிட்டிருந்தார்கள். தட்டுகளுக்குப் பீங்கான் பூச்சு என்றும் 230 டிகிரி என்றும் பெரிய எழுத்தில் இருந்ததே தவிர, தயாரித்தவர் யார், இறக்குமதி செய்தவர் யார், எந்த நாட்டுப் பொருள், எத்தனை வாட், எத்தனை வோல்ட் என்பவற்றில் ஒன்றுகூட இல்லை. கடையில் பிளக்கைச் செருகி, சிவப்பு விளக்கு எரிவதைக் காட்டினார்கள். சோதனை அத்துடன் முடிந்தது. வேலையின் நடுவே, ஒயர் கைப்பிடியில் சேரும் சுழல் மூட்டு கை வைக்க முடியாதபடி சூடாகி, அதன் ரப்பர் உறை இளகிக் கருகல் வாடை வீசத் தொடங்கியது. உடனே பிளக்கைப் பிடுங்கியதால் தீங்கு எதுவும் நேரவில்லை. திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, எனக்கு அவர்கள் எழுதித் தந்தது எஸ்டிமேட் மட்டுமே, பில் அன்று என்று கூறி மறுத்துவிட்டார்கள். அந்தத் துண்டுச் சீட்டில் கடையின் பெயர்கூட இல்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகை கல்லாவுக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பலகைக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கு ரசீது தராததையும், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. ரசீதில் காலக்கெடு எதுவும் குறிப்பிடப்படாவிட்டால், திருப்பித் தருவதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. 'நீங்கள் பார்லர் நடத்துகிறீர்கள், வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் ஆகமாட்டீர்கள்' என்று சில கடைகளில் சொல்வதும் சரியன்று. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் தம் உபயோகத்துக்கு வாங்கும் பொருளை வணிக நோக்கில் வாங்கியதாகக் கொள்ளக் கூடாது என அதே சட்டம் விளக்கம் தருகிறது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு வரி பெரிய பாதுகாப்பு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரக் கட்டணமும் இல்லை. ஆனால் கையில் ரசீது இல்லாதவர் எந்தக் கடையில் வாங்கினோம் என்பதை எதைக் காட்டி நிறுவுவார்?

விவரச் சீட்டும் வெறும் சடங்கன்று. எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிக்கும் தொடர்பு விவரம், வெளிநாட்டுப் பொருளானால் அந்நாட்டின் பெயர் ஆகியவை பெட்டியில் இருந்தாக வேண்டும். வாட் அளவு தெரியாமல் ஹேர் டிரையர் வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பதைக் கணக்கே காட்டும். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட்; 2000 வாட் டிரையர் இதில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வீடுகளின் அறைகளில் பெரும்பாலும் இருப்பது 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்தான். அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து இதைச் செருகினால் பாக்ஸே உருகக்கூடும். 110 வோல்ட் நாடுகளுக்கென்று செய்யப்பட்ட கருவியை இங்கே பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டர் போட்டுச் செருகினாலோ நொடியில் எரிந்துவிடும். இரண்டு முள் பிளக் உள்ள கருவிகள் அனைத்தும் தவறானவை அல்ல. சதுரத்துக்குள் சதுரமாக இரட்டைக் காப்புக் குறி அச்சிடப்பட்டிருந்தால் அதற்கு எர்த் இணைப்பு தேவையில்லை. அந்தக் குறியையும், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதனுடன் உள்ள உரிம எண்ணையும் பார்த்து வாங்கும் பழக்கம் நமக்கும் வர வேண்டும். அந்த எண் உண்மையானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லாத, ஆன், ஆஃப் மட்டுமே உள்ள கருவிகளை மலிவு என்று வாங்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. மெல்லிய முடிக்கும் சாயம் ஏற்றிய முடிக்கும் அவ்வளவு சூடு ஆகாது. 200 டிகிரியைத் தாண்டினால் முடியின் புரதமே சிதையத் தொடங்கும். சவுரியிலும் இதே குழப்பம் இருக்கிறது. செயற்கை இழைச் சவுரியை அசல் முடி என்று சொல்லி விற்கிறார்கள். அதை நம்பி ஸ்ட்ரெயிட்னர் வைத்தால் இழை உருகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும், கருவியும் வீண், சவுரியும் வீண். ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால் அசல் முடி பொசுங்கிச் சாம்பலாகும். செயற்கை இழை சுருண்டு கெட்டியான மணிபோல் நிற்கும். கடைக்காரர் இந்தச் சோதனையை மறுக்காமல் செய்து காட்டலாம் அல்லவா?

எடையளவுச் சட்ட விதிகளைக் கண்காணிக்கும் பொறுப்பு நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. பண்டிகைக் காலத்தில் இனிப்புக் கடைகளில் நடத்தும் ஆய்வை, முகூர்த்த மாதங்களுக்கு முன் இந்தக் கடைகளிலும் நடத்துமாறு அத்துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன். சில்லறைக் கடைக்காரர்களை மட்டும் பிடித்து அபராதம் விதிப்பதில் பயனில்லை. விவரச் சீட்டு இல்லாத பெட்டிகளை அவர்களுக்குத் தரும் மொத்த வியாபாரிகளிடமிருந்தே ஆய்வு தொடங்க வேண்டும். வணிகர் சங்கங்கள் தம் உறுப்பினர்களிடம், மின்கருவி எதுவானாலும் கடையின் பெயரும் தேதியும் உள்ள ரசீது எழுதித் தர வேண்டும் என்றும், வாங்குபவர் முன்னிலையில் கருவியைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டுக் காட்ட வேண்டும் என்றும் அறிவுறுத்த வேண்டும். அழகுக்கலை பயிற்சி நடத்தும் மையங்கள், கருவி வாங்கும் முறையையும் ஒரு பாடமாகச் சேர்த்து, முதல் கொள்முதலுக்குப் பயிற்சியாளர் ஒருவரை மாணவியருடன் அனுப்பி வைத்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
அழகு நிலையம் நடத்தும் ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.