சிக்கரி விஷயமாக நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மெட்ரோ வேலைக்காகக் கச்சேரி சாலையில் தகரத் தடுப்பு வைத்ததிலிருந்து, லஸ் பக்கமாகச் சுற்றி, புழுதியைத் தட்டிக்கொண்டே இந்த ஆறு மேஜைக் கடைக்கு வருகிறீர்கள். வண்டி நிறுத்தக்கூட இடமில்லை, இருந்தும் வருகிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

சரி, அந்தச் செய்திக்கு வருகிறேன். நம் கடைக் காபி தண்ணியாக இருக்கிறதாம், "சிக்கரியை ஏத்திட்டாங்க" என்று அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. சிக்கரி என்றால் காபிப்பொடியோடு கலக்கும் வறுத்த வேர்ப்பொடி. மூன்று பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள்.

மேஜை ஆடுகிறது, ஃபேன் சத்தம் போடுகிறது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இதை மட்டும் தாங்க முடியவில்லை. கடை திறந்த நாளிலிருந்து ஒரே கணக்குதான்: பிளான்டேஷன் ஏ கொட்டை பாதி, பீபெரி கொட்டை பாதி, அதில் நூற்றுக்கு 20 சிக்கரி. சட்டப்படி 49 வரை போகலாம். 2024இல் பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்து, கொட்டை விலை எகிறியபோது, "30 போடுங்க சார், யாருக்குத் தெரியப்போகுது" என்று சொன்னவர்கள் உண்டு. போடவில்லை. மயிலாப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, சிக்கரி கூடினால் டிகாக்‌ஷன் கறுத்துக் கெட்டியாகும். உங்கள் குறையோ காபி தண்ணியாக இருக்கிறது என்பது. அப்புறம் எப்படி சிக்கரி?

இன்னும் சந்தேகமென்றால் கல்லாவில் கேளுங்கள், பொடி தருகிறேன். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். காபிப்பொடி மேலே மிதக்கும். சிக்கரி கோடு கோடாக நிறம் விட்டுக்கொண்டு அடியில் இறங்கும். எது எவ்வளவு என்று உங்கள் கண்ணே சொல்லும்.

நடந்தது வேறு. நம் காபி மாஸ்டர், அம்மாவுக்கு முடியவில்லை என்று கும்பகோணம் பக்கம் ஊரோடு போய்விட்டார். அவர் இடத்தில் நின்ற பையன், காலை ஏழரை மணிக் கூட்டத்தில் முதல் டிகாக்‌ஷன் தீர்ந்ததும் அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றியிருக்கிறான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம். கல்லாவிலேயே உட்கார்ந்திருந்த நான் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது, அவனை யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கு நானே டிகாக்‌ஷன் இறக்குகிறேன். இரண்டாம் டிகாக்‌ஷன் இனி கடைக்குள் கிடையாது.

குழுவில் எழுதாமல், டம்ளரை நேரே என் முன்னால் வைத்து "குடிச்சுப் பாருப்பா" என்ற ஜன்னலோர மேஜை மாமிக்குத் தனியாக நன்றி. ஒரு வாய் குடித்தபோதுதான் எனக்கே உறைத்தது. மாமி, அந்த வாரக் காபிக்கெல்லாம் கணக்கு எழுதவில்லை.

அப்புறம், வரும் 1ஆம் தேதியிலிருந்து காபி 45 ரூபாய். ஆள் கிடைக்கும்வரை மாலையில் டோஸ்ட்டும் சூப்பும் இருக்காது.

காலையில் வாருங்கள்.

இப்படிக்கு,
கல்லாவில் உட்கார்ந்திருப்பவன்