குதிரை இல்லாத குதிரை வருஷம்

அன்புள்ள பரமு,

ஆவணியில் உனக்குச் சஷ்டியப்தபூர்த்தி என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம், குடும்பத்தோடு வருகிறோம். நாம் பிறந்த பராபவ வருஷம் திரும்பி வந்துவிட்டது, பார்!

ஜப்பானிலும் அறுபது வருஷச் சக்கரம்தான். அவர்கள் கணக்கில் ஒவ்வொரு வருஷத்துக்கும் பன்னிரண்டு விலங்குகளில் ஒன்று உண்டு; நாம் நெருப்புக் குதிரை வருஷத்துக்காரர்கள். அந்த வருஷத்தில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாது என்ற நம்பிக்கையால், 1966இல் அங்கே பிறப்புகள் முந்தைய வருஷத்தைவிடக் கால் பங்கு குறைந்தன. எத்தனை கொடுமை! வருஷ விலங்கு அவ்வளவு ஆழமாக வேரோடிய ஊர் அது. மர அச்சுக் கலைஞர்கள் அதை எப்படிக் கையாண்டார்கள் என்றுதான் இப்போதெல்லாம் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

அந்த உறவு பழையது. எந்த மாதம் நீளம், எந்த மாதம் குட்டை என்பதைப் படத்துக்குள் ஒளித்துவைத்த நாட்காட்டிகளில் அந்த வருஷத்து விலங்கும் அடிக்கடி வரும். 1765 வாக்கில் அந்த மோகம் உச்சத்துக்குப் போனபோதுதான் ஹருனொபு என்ற மர அச்சுக் கலைஞரின் பல வண்ண அச்சே பிறந்தது. புத்தாண்டு அட்டைக்கு விலங்கைச் செதுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

அப்புறம், தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிடும் இயக்கம் வந்தது. அதன் தலைமகன் கோஷிரோ ஓஞ்சி 1915லேயே உருவங்களை விட்டு அரூப ஓவியத்துக்குப் போய்விட்டார். அவர் வட்டத்தில் வளர்ந்த ஹாக்கு மாகி எழுத்துகளையே உருவமாக்கினார். பழைய சீன எழுத்தை உப்பவைத்து, வெட்டி, சிதைத்து, தாளில் புடைத்து நிற்கும்படி அச்சிடுவார். அவரைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. குதிரை வருஷத்துக்கு எழுதும் எழுத்து, குதிரை என்ற பிராணிக்கு எழுதும் எழுத்து அல்ல. நாலே கோடு, அதுவே உச்சிப்பொழுதுக்கும் தெற்குத் திசைக்கும் குறி. இப்படி வருஷங்களுக்குப் பன்னிரண்டு குறிகள் உண்டு; விலங்குகள் அவற்றோடு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆக, வாலும் பிடரியும் இல்லாமல் வெறும் கோடும் கறுப்புமாக ஒருவர் வருஷக் குறியை அச்சிட்டால், அவர் மரபை விட்டு விலகவில்லை. அதன் அடிவேருக்கே போகிறார். பயமுறுத்தும் குதிரை அங்கே இல்லை, பொழுதும் திசையும்தான் இருக்கின்றன. எனக்கு அந்தப் படங்கள் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம்.

உன் பெண் அச்சுக்கலை படிக்கிறாளே, அவளிடம் ஒன்று சொல். மாகி ஒட்டுப்பலகையைச் செதுக்கியதோடு நிற்காமல், அதன்மேல் சிமெண்டைப் பூசி மேடு பள்ளம் உண்டாக்கினார். தாள் கனமாக இருக்க வேண்டும். மெல்லிய தாள் கிழிந்துவிடும். சின்னப் பலகையில் செய்து பார்க்கட்டும், வரும்போது பார்க்கிறேன்.

அன்புடன்,
சேகர்