செயலாளர் ஆண்டறிக்கை: சங்கத்து புல்லட்டை எவ்வளவு பழையபடி வைத்துக்கொள்வது?

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையிலிருந்து தப்பித்து வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தின் வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. முக்கொம்புக்கும் கல்லணைக்கும் சவாரி போனோம். கல்லணையிலிருந்து திரும்பும்போது ஒரு வண்டி மட்டும் மினி லாரியில் வந்தது, அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா தினத்தன்று ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் மைசூர்த் தொழிற்சாலையின் பெருமையைப் பேசினார்கள். புல்லட்காரர்கள் அந்த ஒரு நாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் சொல்வார். நான் சொன்னால் நன்றாக இருக்காது.

இந்த ஆண்டு நம் நேரத்தையும், சில சமயம் நம் நட்பையும் சோதித்தது ஒரே விஷயம்தான்: காலமான நம் மூத்த உறுப்பினரின் துணைவியார் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடுத்த புல்லட். 1960களில் திருவொற்றியூரில் செய்த 350 சிசி வண்டி. எம்.எஸ். என்று தொடங்கும் பதிவு எண். ஆர்.சி. புத்தகத்தில் மாநிலத்தின் பெயர் இன்னும் மெட்ராஸ். வண்டியை ஒப்படைக்கும்போது அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "வண்டி ஓடணும் தம்பி. ஷோகேஸ்ல வைக்கிறதா இருந்தா என் வீட்டிலேயே இருக்கட்டும்."

அந்த ஒரு வாக்கியம் நம் வேலையைக் கடினமாக்கிவிட்டது. ஓட வேண்டாம் என்றால் துடைத்து நிறுத்திவிடலாம். ஓட வேண்டும் என்றால் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று ஒவ்வொரு பாகத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

புது உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அடுத்த ஆண்டு திருவொற்றியூர் ஆலை திறந்தது. 1962-ல் ரெட்டிச்சில் புல்லட்டை நிறுத்திவிட்டார்கள், நம்மூரில் நிறுத்தவில்லை. அதே 346 சிசி இன்ஜின், 70-க்கு 90 மில்லிமீட்டர் போர் ஸ்ட்ரோக் (சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஓடும் தூரமும்), வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. இதனால் ஒரு நன்மை, ஒரு சிக்கல். 1990-ல் செய்த பாகம்கூட 1965 வண்டியில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். அதனாலேயே, ஐம்பது வயதான எந்த புல்லட்டிலும் எந்தப் பாகம் பிறந்தபோது இருந்தது, எது நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்வது கஷ்டம். நம் வண்டியும் அப்படித்தான். இன்ஜின் எண்ணும் சேஸ் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்துகின்றன. கார்புரேட்டர் பிற்காலத்து மிக்கார்ப். பின் மட்கார்டு எந்த வண்டியிலிருந்து வந்தது என்று அதற்கே தெரியாது.

முதல் கூட்டத்திலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். ஒரு தரப்பு, ஷோரூமிலிருந்து வந்த நாளில் இருந்தது போலப் பளபளவென்று ஆக்க வேண்டும் என்றது. இன்னொரு தரப்பு, துருவைக்கூடத் துடைக்காதே என்றது. மூன்றாவதாக ஒரு சிறு குழு செல்ஃப் ஸ்டார்ட், டிஸ்க் பிரேக் என்று ஆரம்பித்தது. தலைவர் டீ வரவழைத்து அந்தப் பேச்சை முடித்து வைத்தார்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-13-ல் ஏற்ற டூரின் சாசனத்தைக் கூட்டத்தில் படித்தோம். முடிந்தவரை குறைவாகக் கை வை, மாற்றிய பாகத்தில் அடையாளம் போடு, செய்த வேலையை எழுதி வை என்பதுதான் அதன் சாரம். அதை வைத்துக்கொண்டு செயற்குழு ஒரு விதி எழுதியது. பின்னால் வருகிறவர் திரும்பப் பழையபடி ஆக்கக்கூடிய வேலை என்றால் பட்டறைக் குழுவே முடிவு செய்யலாம். வெட்டுவது, வெல்டிங் வைப்பது, துளை போடுவது, பழைய பெயின்டைச் சுரண்டுவது போலத் திரும்ப வராத வேலை எதுவானாலும் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். கழற்றிய எதையும் தூக்கிப் போடக் கூடாது. சீட்டு எழுதிக் கட்டி மரப்பெட்டியில் வைக்க வேண்டும். இந்த விதி வந்த பிறகுதான் சண்டை வேலையாக மாறியது.

இன்ஜினைப் பிரித்தபோது பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர்தான் முன்னால் நின்றார். வீட்டிலிருந்து விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் செட்டைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தார். நம் பட்டறைகளில் இந்தப் பழைய நட்டுகளுக்கு மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டு, அது வழுக்கி, மூலைகளைத் தேய்த்து, கடைசியில் உளியால் தட்டிக் கழற்றுவதுதான் வழக்கம். அடுத்த படி இன்னும் மோசம்: த்ரெட், அதாவது புரி, போய்விட்டது என்று சொல்லி மெட்ரிக் டேப்பால் புதுப் புரி வெட்டிவிடுவார்கள். விட்வொர்த் புரியின் கோணம் 55 பாகை, மெட்ரிக்குக்கு 60. ஒன்றின் மேல் இன்னொன்றை வெட்டினால் அந்த அலுமினிய இன்ஜின் கேஸ் பழையதுமில்லை, புதியதுமில்லை. "போல்ட்டைப் புதுசாச் செஞ்சுக்கலாம், கேஸை எங்கே போய் வாங்குவீங்க?" என்று கேட்டார். காணாமல் போயிருந்த போல்ட்டுகளை அதே பழைய புரியில், சில அங்குலத்துக்கு 26 புரி வரும் சைக்கிள் த்ரெட்டில், லேத்தில் கடைந்து கொடுத்தார். கூலி வாங்கவில்லை. அவருக்கு இந்தக் கூட்டத்தில் கைதட்டல் கேட்கிறேன்.

வார்ப்பிரும்பு பேரல், அதாவது சிலிண்டர், ஏற்கெனவே போரிங் ஆனது, உள்ளே கடைந்து பெரிதாக்கியது. அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போனோம். இதை மாற்றம் என்று சிலர் சொன்னார்கள். என் கணக்கில் இது பராமரிப்பு, கம்பெனியே அதற்காகத்தான் ஓவர்சைஸ் பிஸ்டன் விற்றது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனைதான் உண்மையான வாதம். இந்த வண்டியில் அங்கே இருந்தது மிதக்கும் புஷ், ஆயிலில் தானும் சுழலும் உலோக வளையம். ஆயில் ஓட்டம் சரியாக இருந்தால் அது நீண்ட காலம் உழைக்கும். பம்ப் சோம்பினால் முதலில் போவதும் அதுதான். ரோலர் பேரிங் போட்டால் கவலை குறையும், வெளியே தெரியாது. "உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்?" என்று ஒருவர் கேட்க, "பார்க்காத இடத்தில் மாற்றலாம் என்றால் அப்புறம் எது பழைய வண்டி?" என்று இன்னொருவர் எழுந்தார். எனக்கு புஷ்ஷே போதும் என்றுதான் தோன்றியது. நாம் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டப் போவதில்லை, பம்ப்பையும் சரிசெய்துவிட்டோம். ஆனால் பெரும்பான்மை ரோலருக்குப் போனது. பழைய ராட் பெட்டியில் இருக்கிறது. புது ராடில் ஆண்டைப் பஞ்ச் அடித்திருக்கிறோம்.

மின்சாரப் பகுதியில் மட்டும் என் கட்சி ஜெயித்தது. 6 வோல்ட்டைத் தூக்கிவிட்டு 12 போட வேண்டும், ஹெட்லைட் மின்மினி மாதிரி எரிகிறது என்பது பழைய புகார். 30 வாட் பல்பு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 12-ல் இரண்டரை போதும். ஆகவே மெல்லிய வயரும் துருப்பிடித்த எர்த்தும் 6 வோல்ட் வண்டியைத்தான் அதிகம் தண்டிக்கும். நம் எலெக்ட்ரீஷியன் உறுப்பினர் மீட்டரை எடுத்து முதலில் பேட்டரியிலும் பிறகு பல்பு ஹோல்டரிலும் வைத்துக் காட்டினார். நடுவழியில் வோல்ட் காணாமல் போவதை எல்லோரும் பார்த்தோம். தடிமனான வயர் போட்டு, எர்த் இடங்களைப் பளிச்சென்று சுரண்டி, ஹெட்லைட்டுக்கு நேரடி எர்த் கொடுத்ததும் வெளிச்சம் வந்துவிட்டது. ஆக 6 வோல்ட், தீப்பொறிக்கான பாயின்ட், கண்டன்சர், ஆம்பியர் மீட்டர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எலெக்ட்ரானிக் இக்னிஷன் வேண்டும் என்றவர்கள் இன்னும் கோபமாக இருக்கிறார்கள். நடுரோட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் உப்புத்தாளும் இருந்தால் பாயின்டைச் சரிசெய்துவிடலாம், எலெக்ட்ரானிக் பெட்டி செத்தால் அதை என்ன செய்வது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கார்புரேட்டருக்கு வருவோம். பழைய இரும்புக் கடையில் அமல் கம்பெனியின் பழைய கார்புரேட்டர் ஒன்று கிடைத்தது. ஸ்லைடு தேய்ந்து காற்று இழுக்கிறது, ஐடிலிங் நிற்காது. அதைச் சரிசெய்யும் வரை மிக்கார்ப்பே ஓடட்டும். இரண்டு நட்டு வேலை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் யாரும் வாதாடவில்லை. டயர் 3.25-19, புதியது, பழைய டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தது. பிரேக் லைனிங் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது. பழைய டிரம்மைத் திறக்கும்போது ஏர் அடித்து ஊதாதீர்கள் என்று இங்கேயே மீண்டும் சொல்லிவைக்கிறேன், அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடையுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் ஹோஸை ஊற வைக்கும், தண்ணீரை இழுத்து டாங்கின் உள்ளே துரு ஏற்றும். ஹோஸ், வாஷர் எல்லாம் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றியாயிற்று. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டாங்கைக் காலி செய்துவிடுங்கள். கண்ணாடி துளை போடாமல் கிளாம்பில் பிடித்திருக்கிறது. இண்டிகேட்டர் இல்லை, கை காட்டித்தான் திரும்ப வேண்டும்.

சேஸுக்குப் பவுடர் கோட்டிங் (பெயின்ட் தூளைச் சூட்டில் உருக்கி ஒட்டுவது) வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது. நம் உறுப்பினர் ஒருவர் வேறு வண்டிக்கு அதைச் செய்யப்போய், ஒரு பட்டறையில் சேஸ் எண் மேலேயே தடிமனாக அடித்துவிட்டார்கள். ஆய்வின்போது எண் படிக்க முடியாமல் அலைந்த அலைச்சலை அவரே சொல்லியிருக்கிறார். நாம் பிரஷ்ஷாலும் ஸ்பிரேயாலும் கறுப்பு எனாமல் அடித்தோம், எண் இருக்கும் இடத்தில் மெல்லிசாக.

பதிவு விஷயத்துக்கு வருகிறேன், நிறைய பேர் கேட்கிறீர்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும்; அசல் வடிவில் இருக்க வேண்டும்; சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதிதாகப் பதிந்தால் வி.ஏ. வரிசை எண், கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவுள்ள வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற வேலைகளுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. சனிக்கிழமை தில்லைநகரில் காபி குடிக்கப் போவது பேரணியில் சேருமா என்று ஒருவர் கேட்டார். சேராது. அம்மாவின் நிபந்தனையை மனதில் வைத்து, இப்போதைக்கு வின்டேஜ் பதிவுக்குப் போவதில்லை, சாதாரண ஆர்.சி.யையே 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்று முடிவு. விதியில் சொன்ன மூன்று இடங்களிலும் நாம் எதையும் வெட்டாததால் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

இடையில் டீசல் பிரச்சினையும் வந்தது. டீசல் புல்லட் வைத்திருக்கும் உறுப்பினரைச் சிலர் கேலி செய்ததாகப் புகார். என்ஃபீல்டு கம்பெனியே டாரஸ் என்ற பெயரில் 325 சிசி டீசல் வண்டி விற்றது. அது பிறந்தபடியே டீசல். அதில் பெட்ரோல் இன்ஜினைத் தூக்கி வைப்பதுதான் மாற்றம். பட்டறையில் பம்ப் செட் இன்ஜின் பொருத்திய வண்டி வேறு கதை என்றாலும், அதுவும் ஒரு காலத்தில் நம்மூர் விவசாயி கண்ட சிக்கனம். இரண்டு வகைக்கும் சங்கத்தில் இடம் உண்டு. 1980களின் வண்டி டாங்கில் புது ராயல் என்ஃபீல்டு சின்னம் ஒட்டியிருப்பவர்கள் மற்றவர்களைக் கேலி செய்வதற்கு முன் தங்கள் டாங்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். அந்தக் காலத்து வண்டியில் வெறும் என்ஃபீல்டுதான்.

மிச்சம் இருப்பது டாங்கு. இப்போது சிவப்பு. டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தில் சோதித்துப் பார்த்ததில் சிவப்புக்கு அடியில் கறுப்பு இருக்கிறது. டாங்கிலும் பெட்ரோல் மூடியின் ஓரத்தில், சிவப்பு உதிர்ந்த இடத்தில், ஒரு பொன்கோட்டின் துண்டு தெரிகிறது. திருவொற்றியூரில் அந்தக் கோட்டைக் கையால்தான் இழுத்தார்கள். பொறுமையாகச் சிவப்பை எடுத்தால் அடியில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பாதியில் நின்றால் இரண்டும் போய்விடும். கறுப்பு அடித்துப் புதுக் கோடு இழுத்தால் அழகாக இருக்கும், ஆனால் பழைய கோடு அதற்கு அடியில் புதைந்துவிடும் அல்லது தேய்ந்துவிடும். சிவப்பை அப்படியே விட்டால் கம்பெனி நிறம் இல்லை. ஆனாலும் அந்தச் சிவப்பை அடித்தவர் வண்டியை முப்பது ஆண்டுக்கு மேல் ஓட்டிய, காலமான நம் உறுப்பினர்தான், ஊரில் அந்த வண்டியை எல்லோரும் சிவப்பாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு ரெண்டும் சரிதான், நீங்க சண்டை போடாம முடிவு பண்ணுங்க" என்றார்.

என் கருத்து: சிவப்பைத் தொட வேண்டாம். மெழுகு தேய்த்து விடுவோம். கறுப்பு டாங்குதான் வேண்டும் என்றால் தனியாக இன்னொரு பழைய டாங்கு வாங்கி அதில் கோடு இழுக்கச் சொல்லலாம். சில போல்ட் வேலைக்கு ஒரு வரலாற்றைச் சுரண்ட வேண்டியதில்லை. இது செயலாளரின் சொந்தக் கருத்து, செயற்குழுவின் பரிந்துரை அல்ல. தேநீர் இடைவேளைக்குப் பிறகு கை தூக்கி வாக்கெடுப்பு நடக்கும். சந்தா கட்டியவர்கள் மட்டும் கை தூக்கவும்.

சீட்டுக்கு இன்னும் நல்ல அடித்தகடு கிடைக்கவில்லை. இருப்பது நம்மூர்க் குஷன் கடை ரெக்ஸின், அதன் கீழே தகடு துருவில் ஓட்டையாகிவிட்டது. யார் வீட்டுப் பரணிலாவது 1960களின் சீட் தகடோ, பின் மட்கார்டோ கிடந்தால் பட்டறைக் குழுவிடம் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம். பட்டறைச் செலவுக் கணக்கையும் வேலைப் பதிவேட்டையும் மேசையில் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் கையெழுத்திடவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்